ஸ்னோடன் யன்னலில் எட்டு விளக்கு

புதன்கிழமை, காலை ஏழரை மணி

மொன்றியலுக்குப் போகிறேன் என்று வேலையிடத்தில் சொன்னபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பழைய துறைமுகத்தைப் பார், மலைக்கு ஏறி ஊரைப் பார், புகையில் காய்ச்சிய இறைச்சி வைத்த பாணைச் சாப்பிடாமல் வராதே. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் தங்கை வசந்திக்குப் பித்தப்பையில் கல் எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவளுடைய மனுசனுக்குச் சென்ட் லோரன்ட்டில் ஒரு களஞ்சியத்தில் பின்னேர வேலை, லீவு கிடைக்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வருடம் முழுக்கச் சமைத்துவிட்டு, லீவு எடுத்துக்கொண்டு இன்னொரு வீட்டில் சமைக்கப் போவதுதான் என் வாழ்க்கையில் பயணம் எனப்படுவது.

ஸ்காபரோவில் இருந்து மொன்றியல் ஐந்நூற்று முப்பது கிலோமீற்றர். பஸ் ரிக்கெற் வரியோடு அறுபத்திரண்டு டொலர். ஆறு மணித்தியாலம் என்று போட்டிருந்தார்கள். பனி கொட்டியதால் ஏழரை ஆனது. ஒஷாவா தாண்டும் முன்பே முழங்கால் இரண்டும் நோகத் தொடங்கிவிட்டன. பக்கத்து இருக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நான் வசந்தியோடு போனில் கதைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க ஸ்ரீலங்காவா?"

"ஓம். எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"'வாறன், வாறன்'னு சொன்னீங்களே. எங்க ஊர் சென்னை. மான்ட்ரியல்ல ஐ.டி. வேலை. நீங்க எங்க இறங்கணும்?"

ஸ்னோடன் என்றேன். "ஓ, அங்கயா? அங்க யூதர்கள் நெறைய பேர். இப்ப அவங்க விளக்குப் பண்டிகை நடக்குது, ஹனுக்கா. போன வருஷம் சாயங்காலம் நடந்து போனா ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு இருந்துச்சு. இந்த வருஷம் கம்மிதான். பயமாம்" என்றாள். எதற்குப் பயம் என்று நான் கேட்பதற்குள் கண்ணை மூடிவிட்டாள். கிங்ஸ்ரனில் பஸ் நின்றது. மூன்று டொலருக்கு வாங்கிய கோப்பி வாய்க்கு வருவதற்குள் ஆறிவிட்டது. சாரதி குளிரில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கேட்டேன். "பனியைக் கேளுங்கள்" என்றார்.

பின்னேரம் மூன்று மணி

மொன்றியல் பஸ் நிலையத்துக்கு அடியிலேயே மெற்றோ இருக்கிறது. ஒரு தரத்துக்கு மூன்றே முக்கால் டொலர். ரிக்கெற் கூட்டுக்குள் இருந்த பெண் "பொன்ஜூர்" என்றாள், நான் "ஹலோ" என்றேன், அவள் முகம் மாறாமல் இங்கிலீசுக்கு மாறினாள். இருபத்தேழு வருடமாகக் கனடாவில் இருக்கிறேன். இந்த ஊருக்கு வரும் போதெல்லாம் நேற்று வந்து இறங்கினவளைப் போல ஆகிவிடுகிறேன். செம்மஞ்சள் வழியில் ஏறினால் ஸ்னோடன் பதினோராவது நிறுத்தம். இருக்க இடம் கிடைத்தது. அதுவே பெரிய விசயம்.

வசந்தி இருப்பது ஒரு செங்கல் வீட்டின் மேல்மாடி. கீழே வீட்டுக்காரி, மேலே இவர்கள். படியெல்லாம் உறைந்து கிடந்தது. ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி என்று ஏறிப் போனால், எழும்பக் கூடாதென்று டொக்டர் சொன்னவள் எழும்பி வாசலில் நிற்கிறாள்.

"வந்திட்டியளே அக்கா. குளிர் அடிச்சுப்போட்டுதே?"

"குளிர் அடிக்கேல்லை, பஸ்தான் அடிச்சுப்போட்டுது. நீ போய்ப் படு."

கஞ்சி வைத்தேன். உடுப்புத் தோய்க்கப் போட்டேன். அவள் படுத்தபடியே கீழ்வீட்டுக் கதையைச் சொன்னாள். வீட்டுக்காரி பெயர் மதாம் சிமி. மொரோக்கோவில் பிறந்த யூதப் பெண். என் வயதுதான், அறுபதுக்கு ஒன்றிரண்டு கூட. புருசன் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். ஒரே மகன் டானியெல், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பக்கத்து ஊரான லவாலில் இருக்கிறான்.

"போன மாதம் மனுசியின்ரை வாசலிலை ஆரோ கை வைச்சிட்டாங்கள் அக்கா. கதவு நிலையிலை விரலளவிலை ஒரு பெட்டி சாய்வா அடிச்சிருக்கும், அதுக்குள்ள அவையின்ரை வேத வசனம். அதைப் பிடுங்கி எறிஞ்சு போட்டாங்கள். அதுக்குப் பிறகு மகன் ஒரே பிடி. யன்னலால விளக்கை எடுத்து உள்ள மேசையில வை, அப்பதான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வருவன் எண்டு சொல்லிப்போட்டான்."

"மனுசி என்ன சொல்லுது?"

"எடுக்க மாட்டாவாம். அவவின்ரை மனுசன் நாற்பது வருசமா அந்த யன்னலிலைதான் வைச்சவர். நாளைக்கு எட்டாம் நாள், கடைசி. எட்டாம் நாள் பிள்ளையள் வராமல் விட்டதில்லை. நேற்று எனக்குச் சூப் கொண்டு வந்து தரேக்கை இதைச் சொல்லிச் சொல்லி அழுதவா."

எங்கேயோ நடக்கும் யுத்தத்துக்கு ஸ்னோடனில் ஒரு கதவு நிலை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தக் கதை முழுக்கப் புதிதில்லை என்றபடியால் மேலே எதுவும் கேட்கவில்லை.

சூப் தந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. பயணப் பையில் நான் செய்து கொண்டுவந்த பருத்தித்துறை வடை இருந்தது, அதை எடுத்தேன். "ஐயோ அக்கா, சமைச்சது ஒண்டும் வேண்டாம். எங்கடை குசினிச் சாமான் அவை தொடக் கூடாது. பழம் கொண்டு போங்கோ" என்றாள் வசந்தி. மூலைக் கடையில் மரப்பெட்டியில் சின்னத் தோடம்பழம் எட்டு டொலருக்கு இருந்தது. பெட்டியில் மொரோக்கோ என்று அச்சடித்திருந்தது. டிசம்பரில் இங்கே எல்லாக் கடையிலும் அதுதான் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தேடிப் பிடித்து வாங்கியவளைப் போலவே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பின்னேரம் ஐந்து மணி

சிமி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே வரச் சொன்னார். நல்ல உயரம், கையெல்லாம் மாவு. அவருடைய இங்கிலீசில் பாதி பிரெஞ்சு, என்னுடையதில் பாதி தமிழ். இருவரும் சமையல்காரிகள் என்பதால் அது போதுமாக இருந்தது. அவர் சொன்னது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவே விழுந்தது; அப்படியே எழுதுகிறேன்.

தெருப்பக்க யன்னலில் பித்தளை விளக்கு. பின்னுக்கு ஒரு தகடு, அதில் இரண்டு குருவி, கீழே வரிசையாக எட்டுக் கண்ணாடிக் குவளை. தகட்டின் மேலே தனியாக ஒன்று. புருசன் வீட்டார் மெக்னெஸ் என்ற ஊரில் இருந்து கொண்டுவந்ததாம். குவளையில் பாதிக்குத் தண்ணீர், அதற்கு மேலே ஒலிவெண்ணெய், அதில் தக்கை மிதக்க நடுவே திரி. அன்றைக்கு ஏழாம் இரவு. வலது பக்கத்தில் இருந்து ஏழு குவளைக்கு எண்ணெய் விட்டார். முதலில் மேலே இருந்த தனி விளக்கை ஏற்றினார். தலையை மூடிக்கொண்டு இரண்டு ஆசி வசனம் சொல்லி, அந்தத் தனி விளக்கின் சுடரை எடுத்து, அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த இடது கோடியில் தொடங்கி வலது பக்கமாக ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றில் இருந்து இன்னொன்றை ஏற்றவில்லை. அதற்குத்தான் அந்தத் தனி விளக்கு. அதற்கு ஷமாஷ் என்று பெயர். வேலைக்காரன் என்று அர்த்தமாம். எல்லா விளக்கையும் அதுதான் ஏற்றும், ஆனால் எண்ணும் போது அதைச் சேர்ப்பதில்லை. எங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மா பிசைந்து மூடி வைத்திருந்த குசினிப் பக்கம் போக நான் எழும்பினேன். ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று கை பரபரத்தது.

"இருங்கோ" என்றார் சிமி. "விளக்கு எரியும் மட்டும் பொம்பிளையள் வேலை செய்யக் கூடாது."

"ஆர் சொன்னது?"

"எங்கடை அம்மா சொன்னவா, அவவின்ரை அம்மா சொன்னவா. இந்த வெளிச்சத்திலை தைக்கக் கூடாது, வாசிக்கக் கூடாது, காசு எண்ணக் கூடாது. பாக்க மட்டும்தான். ஆம்பிளையளுக்கு எப்பிடியோ, பொம்பிளையளுக்குக் கட்டாயம்."

இதற்கு ஒரு காரணமும் சொன்னார். முற்காலத்தில் ஊரை முற்றுகையிட்ட ஒரு தளபதிக்கு ஒரு பெண் உப்புப் போட்ட பாற்கட்டியைத் தின்னக் கொடுத்து, தாகத்துக்கு வைன் கொடுத்து, அவன் வெறியில் கிடந்தபோது கதையை முடித்துவிட்டாளாம். அந்த வெற்றியில் பெண்களுக்கும் பங்கு இருப்பதால் விளக்கு எரியும் இந்த நேரம் பெண்களுக்கு. எத்தனையோ சமயத்துப் பண்டிகைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பெண்கள் வேலை செய்து களைத்துப் போவார்கள். பெண்களைச் சும்மா இரு என்று சொல்லும் பண்டிகையை அன்றுதான் கண்டேன். கதிரையில் நன்றாகச் சாய்ந்தேன். காலையில் இருந்து நொந்த முழங்கால் அப்போதுதான் கொஞ்சம் அடங்கியது.

பண்டிகையின் கதையையும் அப்போதுதான் சொன்னார். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் இருக்கும். அவர்களுடைய நாட்டை ஆண்ட கிரேக்க ராசா அவர்களுடைய வழிபாட்டைத் தடை செய்து, ஜெருசலேம் கோவிலுக்குள் தன் சாமியை வைத்தான். ஒரு பூசகரும் அவருடைய ஐந்து மகன்மாரும் மலைக்குள் ஒளிந்து, ஆட்களைச் சேர்த்துச் சண்டை பிடித்துக் கோவிலை மீட்டார்கள். கழுவித் துடைத்து விளக்கேற்றப் போனால், தீட்டுப்படாத எண்ணெய் ஒரேயொரு சின்னச் சாடியில்தான் இருந்தது. ஒரு நாளைக்குத்தான் காணும். புது எண்ணெய் ஆட்டி எடுக்க எட்டு நாள் செல்லும். ஏற்றினார்கள். எட்டு நாளும் எரிந்தது.

"ஆரோ ஒரு பொம்பிளை இரவிலை எழும்பி எண்ணெய் விட்டிருப்பாள்" என்றேன். "காலமை ஆம்பிளையள் பாத்திட்டு அதிசயம் எண்டிருப்பினம்."

சிமி சிரிக்கவில்லை. கூடிப் போய்விட்டதோ என்று யோசித்தேன். அப்போது போன் அடித்தது, எழும்பி உள் அறைக்குப் போய்விட்டார். பிரெஞ்சில் கதைத்தது எனக்கு விளங்கவில்லை. ஆனால் மகனோடுதான் கதைக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

நான் தனியே விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். மூன்றாவது குவளையில் எண்ணெய் அடியில் போய்விட்டது, சுடர் சிறுத்துக்கொண்டே வந்தது. கண் முன்னால் ஒரு விளக்கை அணைந்து நூர விடுவது எங்கள் வீட்டில் இல்லாத பழக்கம். தட்டில் மூக்குச் சாடியில் மிச்ச எண்ணெய் இருந்தது. கை தானாகப் போனது. மூன்றாவதுக்கு விட்டால் மற்றவை பார்த்துக்கொண்டு இருக்குமா? ஏழுக்கும் பக்குவமாக விட்டு முடிக்கும் போது சிமி வந்து நின்றார்.

"என்ன செய்தனீங்கள்?"

"எண்ணெய் முடியப் பாத்துது. விட்டன்."

அப்போதுதான் அவர் சிரித்தார், கதிரையைப் பிடித்துக்கொண்டு. "விடத் தேவையில்லை. ஏற்றினதோடை எங்கடை கடமை முடிஞ்சுது. பிறகு தானா நூந்தால் நூரட்டும், குற்றமில்லை. இப்ப இது இன்னொரு மணித்தியாலம் எரியும். எரியும் மட்டும் நான் அடுப்படிக்குப் போகேலாது. அங்கை மா பொங்கிக்கொண்டு இருக்கு."

மா பொங்கித்தான் விட்டது. ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் சட்டியை விட்டு இறங்கி மேசையில் நடந்துகொண்டிருந்தது. ஸ்ஃபெஞ்ச் என்று மொரோக்கோக்காரர் சொல்லும் பலகாரம் அது, எண்ணெயில் பொரிப்பது. இந்தப் பண்டிகையில் பலகாரம் எல்லாம் எண்ணெயில்தான்; ஐரோப்பாவில் இருந்து வந்தவர்கள் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிப்பார்களாம். மா தண்ணீர் பதம். கையை நனைத்து ஓர் உருண்டை எடுத்து, பெருவிரலால் நடுவில் ஓட்டை போட்டுப் போட வேண்டும். உளுந்து வடை தட்டுகிறவளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருவரும் அடுப்படியில் நின்று பொரித்து, சீனி தூவிச் சுடச்சுடத் தின்றோம். பொங்கிப் புளித்ததுகூட ஒரு ருசியாகத்தான் இருந்தது.

தின்னும் போதுதான் போன் விசயத்தைச் சொன்னார். "டானியெல் அதையேதான் சொல்லுறான். மேசையில வை, வாறம். யன்னலில வைச்சால், பிள்ளையளை அந்த வெளிச்சத்துக்கு முன்னாலை இருத்த மாட்டன் எண்டுறான்."

"மேசையில வைக்கக் கூடாதோ?"

"வைக்கலாம். தெருவாலை போற சனம் பாக்கத்தான் யன்னலில வைக்கிறது, அதிசயத்தை ஊருக்குச் சொல்ல. ஆனால் பழைய எழுத்திலையே இருக்கு, ஆபத்துக் காலத்திலை மேசையில வைச்சால் காணும் எண்டு. அவன் சொல்லுறது பிழையில்லை."

"பிறகு ஏன் வைக்கேல்லை?"

"ஆபத்து எப்ப முடியும் எண்டு அதிலை எழுதேல்லையே."

நான் என் கதையைச் சொல்வதாக இருக்கவில்லை. களைப்பில் வாய் தானாகத் திறந்துவிட்டது. எங்கள் ஊரிலும் கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசல் படலையடியில் விளக்கு வைப்போம். ஆமிக்காரர் ரோட்டில் நின்ற வருடங்களில், அதே மாதம் இயக்கத்தில் செத்த பிள்ளைகளுக்கும் விளக்கு வைப்பதால், இது ஆருக்காக வைக்கிற விளக்கு என்று கேள்வி வரும். பதில் சொல்லி மாளாது. அப்பா ஒரு வருடம் விளக்கையெல்லாம் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தார். இந்த வருடத்துக்கு மட்டும்தான் என்றார். நான் கனடாவுக்கு விமானம் ஏறும்வரை அவை குசினிக்குள்தான் இருந்தன. ஸ்காபரோவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் இரண்டு கிழமைக்கு முன்னர்கூட என் கார்த்திகை விளக்கு குசினி மேடையில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் எரிந்தது. ஏன் என்று நானே இதுவரை கேட்டுப் பார்த்ததில்லை.

சிமி கையைத் துடைத்துவிட்டு யன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நான் மேலே போக எழும்பினேன்.

வியாழக்கிழமை

பகல் முழுவதும் வசந்தியின் வீட்டு வேலை. கட்டு மாற்றினேன், ரசம் வைத்தேன், பாத்ரூம் கழுவினேன். வெளியே பனியை அள்ளும் வண்டி போய் வந்துகொண்டிருந்தது. மலை, துறைமுகம் ஒன்றும் பார்க்கவில்லை. அவை இருந்த இடத்தில்தான் இருக்கும்.

மத்தியானம் சிமி மேலே வந்தார். மகனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டாராம். விளக்கு யன்னலில்தான் இருக்கும், வருவது உன் விருப்பம். மகன் பார்த்துவிட்டான், பதில் இல்லை. "நீங்கள் சொன்ன கதைதான் காரணம்" என்றார். ஊர் பார்க்கவும் வராமல், கஞ்சி வைக்க வந்த இடத்தில் ஒரு தாயையும் மகனையும் பிரித்துவிட்டுப் போகப் போகிறேனா என்று யோசனையாக இருந்தது. பின்னேரம் கீழே வரச் சொன்னார். தனியாக ஏற்ற விருப்பமில்லை என்று அவர் சொல்லவில்லை, அது தெரிந்தது.

ஐந்து மணிக்கு எட்டும் ஏறின. மேலே ஷமாஷோடு ஒன்பது. வெளியே அதற்குள் நல்ல இருட்டு. எதிர் வரிசையில் பத்து வீடுகள். அந்த நீளத்துக்கு ஒரு யன்னலிலும் விளக்கில்லை. மேசையில் ஆறு பேருக்குக் கோப்பை வைத்திருந்தார். பிள்ளைகள் சுற்றி விளையாடும் மரப் பம்பரம் இரண்டு, தங்கத் தாள் சுற்றிய சொக்கிளேட் காசு ஒரு சின்னப் பையில். இருவரும் கதிரையில் இருந்தோம். சிமி வாசலைப் பார்த்தார், நான் விளக்கைப் பார்த்தேன்.

ஐந்தேமுக்கால். ஒரு கார் மெதுவாகப் போனது, நிற்கவில்லை. ஆறு மணி. குவளைகளில் எண்ணெய் இறங்கிவிட்டது. முதலில் ஏற்றிய இடது கோடிச் சுடர் ஆடத் தொடங்கியது.

"மதாம் அம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். என் பெயர் அவர் வாயில் நுழையாது. "நேற்று மாதிரி ஊத்துங்கோ."

"நூந்தால் குற்றமில்லை எண்டு நீங்கள்தானே சொன்னது."

"ஓம். கடமை முடிஞ்சுதான் போச்சு. ஆனால் அவன் வரேக்கை இருட்டா இருக்கக் கூடாது. நான் எழும்பி வேலை செய்யேலாது. நீங்கள் எங்கடை ஆளில்லைத்தானே."

நேற்று என்னையும் பெண்களில் சேர்த்துக் கதிரையில் இருத்தியவர் இன்று ஒரு நிமிடத்தில் தள்ளி வைத்துவிட்டார். கிடைத்த ஓய்வும் போயிற்று. எழும்பி எட்டுக்கும் ஊற்றினேன்.

ஆறேமுக்காலுக்கு இரண்டாம் தரம் ஊற்ற யன்னலடிக்குப் போனபோதுதான் கண்டேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. முன் விளக்கு அணைந்திருந்தது, ஆனால் கண்ணாடியில் பனி துடைக்கும் தடி ஓடிக்கொண்டிருந்தது. காரின் மேல் படிந்திருந்த பனியைப் பார்த்தால் வந்து கன நேரம் ஆகியிருக்க வேண்டும். சிமியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் யன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"டானியெலின்ரை கார்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவன் வராமல் விடவில்லை. ஒரு மணித்தியாலத்தில் விளக்கு நூர்ந்துவிடும் என்ற கணக்கில் வந்திருக்கிறான். நூர்ந்த பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தால், தாய் சொன்னபடி யன்னலில் எரிந்ததாகவும் ஆயிற்று, பிள்ளைகள் வெளிச்சத்துக்கு முன்னால் இருக்காததாகவும் ஆயிற்று. நல்ல பிள்ளைதான். அவன் வரும்வரை எரிய வேண்டும் என்று நாங்கள் எண்ணெய் ஊற்ற, நூரட்டும் என்று அவன் பனிக்குள் காத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

சாடி என் கையில் இருந்தது. இனி ஊற்றாமல் விட்டால் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் மேசையில் இருப்பார்கள். நான் சிமியின் முகத்தைப் பார்த்தேன். விடுங்கோ, காணும் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நான் அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பேரப்பிள்ளைகளை விட ஒரு யன்னல் பெரிதா என்ன.

"ஊத்துங்கோ" என்றார்.

ஊற்றினேன். எட்டும் நிமிர்ந்தன. சிமி திரையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, விளக்குக்குப் பக்கத்தில், தெருவில் இருந்து முகம் தெரியும்படி நின்றார். கையைக் காட்டவில்லை, கூப்பிடவில்லை, சும்மா நின்றார்.

காரின் பின் கதவு திறந்தது. ஒரு சின்னப் பெண், சிவப்புக் குளிர்ச் சட்டை, தொப்பி இல்லை. அப்பா கூப்பிடக் கூப்பிட ரோட்டைத் தாண்டி ஓடிவந்து, யன்னலுக்குக் கீழே குவிந்திருந்த பனியில் ஏறி நின்று, கண்ணாடியில் விரலை வைத்து எண்ணத் தொடங்கினாள். சத்தம் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. எட்டு முடிந்ததும் மேலே இருந்த ஷமாஷில் விரலை வைத்தாள், யோசித்தாள், எடுத்துவிட்டாள். அது சேர்த்தியில்லை என்று அவளுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

டானியெல் பின்னால் வந்து நின்றான். தோளில் நித்திரையில் ஒரு குழந்தை. தெருவின் அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை, பனி மட்டும்தான். பிறகு யன்னலைப் பார்த்தான். தாயும் மகனும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். அவனுக்கு அழுகை வந்ததா, கண்ணில் பனி விழுந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு வந்தது.

மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பின்னால் வர, எல்லோருமாக உள்ளே வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றும் முன்பே, என்னைக் கண்டதால் இங்கிலீசில், அவன் கேட்டான்.

"எத்தினை மணிக்கு ஏத்தினனீங்கள் அம்மா?"

"ஐஞ்சுக்கு."

"இவ்வளவு நேரமோ? எவ்வளவு எண்ணெய் விட்டனீங்கள்?"

"எப்பவும் விடுற அளவுதான்" என்றார் சிமி, என் பக்கம் திரும்பாமல். நான் சாடியைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டேன். சின்னப் பெண் லியா அப்பாவையும் பார்த்தாள், விளக்கையும் பார்த்தாள், கண் பெரிதாகியது. அந்தப் பழைய கதை அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இனி அவளுடைய பேரப்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்வாள், அதில் நான் இருக்க மாட்டேன்.

பிள்ளைகள் யன்னலுக்கு முன்னால் இருக்கவில்லை. டானியெல் அவர்களை மேசையின் உட்பக்கத்தில் இருத்தினான், தான் யன்னலுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தான். அவனுடைய பயம் பொய்யான பயம் இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிமி ஸ்ஃபெஞ்ச் இரண்டைத் தாளில் சுற்றி வசந்திக்கென்று என் கையில் தந்தார். பொரித்தது தின்னக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்ததால் படியில் வைத்து நானே இரண்டையும் தின்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை

காலை ஒன்பதரை பஸ். வசந்தியின் மனுசன் கஞ்சி வைக்கும் விதத்தைக் கேட்டுக்கொண்டு, மெற்றோவரை பையைத் தூக்கி வந்தார். கீழ்வீட்டைத் தாண்டும் போது பார்த்தேன். சிமி யன்னலடியில் குவளைகளைக் கழுவி, துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கை காட்டினார். கதவு நிலையில் புதுப் பெட்டி சாய்வாக அடித்திருந்தது. இன்னொரு முறை யாராவது வந்து பிடுங்கலாம், பிடுங்காமலும் விடலாம்.

திரும்பும் வழியில் ஐந்நூற்று முப்பது கிலோமீற்றரும் நித்திரை. கிங்ஸ்ரனில்கூட எழும்பவில்லை. ஸ்காபரோவில் எங்கள் மாடிக்கட்டடம் விட்டுப் போன மாதிரியே நின்றது. ஒன்பதாம் மாடி, மூன்று நாள் கழுவாத கோப்பைகள், ரீவிக்கு முன்னால் என் மனுசன். மகன் கல்கரியில் இருந்து போன் எடுத்தானா என்று கேட்டேன். இல்லை என்றார். வருகிறேன், வருகிறேன் என்று சொல்லியே மூன்று பொங்கல் போய்விட்டது. இப்போது அதைச் சொல்வதும் நின்றுவிட்டது.

குசினி மேடையில் இருந்த விளக்கை எடுத்துத் துடைத்தேன். கார்த்திகை எப்போதோ முடிந்துவிட்டது, அதற்கென்று ஒரு நாளும் இல்லை. முன்யன்னல் கட்டையில் வைத்து ஏற்றினேன். ஒன்பதாம் மாடியில் அதைப் பார்க்க யாருமில்லை, பெரும் சாலையில் போகும் கார்களைத் தவிர. கோட்டையும் கழற்றாமல் கதிரையில் போய் இருந்தேன்.

"தேத்தண்ணி போடேல்லையோ?" என்றார் மனுசன்.

"விளக்கு எரியுது. நூந்த பிறகு."

"அதென்ன புதுச் சட்டம்? யன்னலிலை வேறை வைச்சிருக்கிறீர். ஆர் பாக்கிறதுக்கு?"

"ஆரும் பிந்தி வந்தால்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ரீவியை நிற்பாட்டிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனார். ஒருநாளும் இல்லாத அதிசயமாகத் தேத்தண்ணி போடப் போகிறாராக்கும் என்று இருந்தேன். வரும் போது கையில் நல்லெண்ணெய்ப் போத்தல் இருந்தது.